பாதியாகச் சுருக்கிய வரைபடம்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, துணியில் வரைந்த அந்த வரைபடத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் கெடாமல் இருக்கிறதாம். உடனே எல்லோரும் வந்துவிட்டீர்கள். "என்ன நேர்த்தி", "அந்தக் காலத்துப் படிப்பே தனி", "இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வருமா". கைகூப்பும் பொம்மைகள், பூங்கொத்துகள். மூலையில் இருக்கிற தாமரைப்பூவை ஒருத்தி வட்டம் போட்டுக் காட்டி என் பெயரையும் எழுதியிருந்தாள். ஆமாம், வரைந்தவள் நான்தான்.

குழுவில் நான் பதில் எழுதவில்லை. இதுதான் பதில். அந்தத் துணியில் உள்ள கோடும் எழுத்தும் என் கை. ஒரே ஒரு எண் மட்டும் என் கை இல்லை. உங்களுக்கு அது தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். நான் நம்பமாட்டேன்.

என் மகள் அடுத்த மாதம் சிநேகிதிகளோடு மலையேறப் போகிறாள். போனில் பாதையைக் காட்டி, "இவ்வளவுதாம்மா" என்று இரண்டு விரலால் அளந்தாள். அந்தத் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? படத்தை விரித்தால், சுருக்கினால் அதுவும் கூடவே மாறும். தரையில் எவ்வளவு என்று அது மட்டும்தான் உண்மையைச் சொல்லும். "அந்தக் கோட்டைப் பார்" என்றேன். "எந்தக் கோடும்மா?" என்றாள். எம்.எஸ்ஸி. படித்த பெண். இரண்டு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

என் அப்பா டிரேசர் என்பது உங்களுக்குத் தெரியும். பென்சிலில் போட்ட படத்தின் மேல் நீலம் பாரித்த டிரேசிங் துணியை விரித்து, இங்க்கில் அதை அப்படியே நகலெடுக்கிற வேலை. சொந்தமாக ஒரு கோடு போடக் கூடாது. அந்த வேலையிலும் ஆறு வருஷமாக டெம்பரரி. வேறொருவர் பெயரில் இருந்த குவார்ட்டர்ஸில் பாதியை எடுத்துக் குடியிருந்தோம். மிச்சம் விழும் டிரேசிங் துண்டுகளை அம்மா வெந்நீரில் ஊறப்போட்டுக் கஞ்சி போகக் கசக்குவாள். உள்ளேயிருந்து மல் வேட்டியைவிட மெல்லிய துணி வெளியே வரும். எனக்கும் தங்கைக்கும் கைக்குட்டை அதுதான். எவ்வளவு துவைத்தாலும் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடோ பாதி எண்ணோ ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது தேடினால் ஒன்று கூட இல்லை.

அப்பாவுக்குக் கோடு போடுவதைவிடச் சுரண்டுவதில் பெயர் அதிகம். தப்பாக விழுந்த கோட்டை பிளேடின் முனையால் துணி கிழியாமல் சுரண்டி எடுத்து, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புதிதாக எழுதுவார். இங்க் ஊறாது. முன்பு என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

பூகோள டீச்சரை நீங்கள் மறந்திருக்க முடியாது. குழுவில் அவருக்கு இன்னும் "எங்கள் வழிகாட்டி" என்று மாலை போடுகிறீர்கள். அவர் வீட்டுக்காரர்தான் அப்பாவின் செக்‌ஷனுக்கு ஆபீசர். அப்பாவை பெர்மனன்ட் பண்ணச் சொல்லி எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவர் கையில் இருந்தது. நம் சுரங்க நகரியத்தில் ஒருவர் சொல்வது சரியா தப்பா என்பதை அவர் எந்த டைப் குவார்ட்டர்ஸில் இருக்கிறார் என்று பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். பெரிய தோட்டமுள்ள வீட்டுக்காரர் தப்பாகச் சொல்லிவிட முடியாது. பாதி வீட்டுக்காரர் சரியாகச் சொல்லிவிடக் கூடாது. நான் பார்த்த ஒழுங்கு இதுதான்.

எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் நம் வகுப்புப் பெண்களைக் களப்பயணம் கூட்டிப்போவதாக டீச்சர் சொன்னார். முந்திரிக்காட்டைத் தாண்டி ஒரு ஏரி. காலையில் நடந்து போய், வெயில் ஏறுவதற்குள் திரும்புவது. வகுப்பில் ஒரு பெரிய சார்ட் தொங்கியது. நகரியத்தின் பிளாக்குகள், முந்திரிக்காடு, வழியில் ஒரு குட்டை, கடைசியில் ஏரி. அதன் கீழே, 'ஒரு செ.மீ. = 250 மீட்டர்' என்று எழுதி, பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டிய ஒரு அளவுக் கோடும் இருந்தது. அந்தச் சார்ட்டைக் கையில் எடுத்துப்போகிற அளவுக்குச் சிறிதாக வரைந்து வரும்படி என்னிடம் சொன்னார். டிரேசரின் மகள், வீட்டில் துணியும் இங்க்கும் இருக்கும் என்பது அவர் கணக்கு.

சார்ட்டில் இரண்டு செ.மீ. கட்டம் போட்டேன். துணியில் ஒரு செ.மீ. கட்டம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தால் படம் சரியாகப் பாதியாகும். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். கீழே எழுதுவதற்கு முன் டீச்சரிடம் கேட்டேன்.

"அளவு என்ன போடட்டும் டீச்சர்?"

"சார்ட்ல என்ன இருக்கோ அதையே போடு. அளவை மாத்தினா மேப்பே தப்பாயிடும்."

"இந்தக் கட்டம் கட்டின கோடு?"

"அது எதுக்கு, பாம்பு மாதிரி? அந்த எடத்துல ஒரு தாமரைப்பூ போடு."

நீங்கள் வட்டம் போட்டுக் காட்டிய தாமரை அதுதான். இதைப் புரிந்துகொள்ள பூகோளம் படித்திருக்க வேண்டியதில்லை. படத்தைப் பாதியாகச் சுருக்கலாம், தரை சுருங்காது. அதனால் ஒரு செ.மீ. இனி இருநூற்றைம்பது மீட்டர் இல்லை, ஐந்நூறு. எழுத்தில் போட்ட அளவு படத்தோடு சேர்ந்து சுருங்காது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கோட்டை வரைந்திருந்தால் அதுவும் பாதியாகியிருக்கும், யார் எழுதியது தப்பென்று காட்டிக்கொடுத்திருக்கும்.

அன்று சாயங்காலம் அப்பா ஷர்ட்டில் நகல் மெஷினின் அம்மோனியா வாடையோடு வந்தார். மேஜையில் காய்ந்துகொண்டிருந்த துணியைக் குனிந்து பார்த்தார். டிரேசரின் கண் முதலில் அளவைத்தான் தேடும்.

"சுருக்கினியா?"

"ஆமாப்பா. பாதியா."

"இந்த இருநூத்தம்பது?"

"டீச்சர்தான் அப்படியே போடச் சொன்னாங்க."

இங்க் புட்டிக்கு மூடியைத் திருகினார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். ஆபீசர் வீட்டம்மாவுக்கு இது தெரியவில்லை என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அதை அவர் தனக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம் சொல்லியிருந்தால் போதும். நான் பிளேடு எடுத்திருப்பேன். பதிமூன்று வயதில் எனக்குச் சுரண்ட வரும்.

மறுநாள் டீச்சர் பலகையில் துணியை விரித்து, வளைந்து வளைந்து போகும் பாதையின் மேல் நூலை வைத்து அளந்தார். நூலை நீட்டி ஸ்கேலில் வைத்தார். இருபது செ.மீ. "ஒரு சென்டிமீட்டருக்கு இருநூற்றைம்பது. பெருக்குங்க" என்றார். நீங்கள் எல்லோரும் பெருக்கினீர்கள். "ஐயாயிரம் மீட்டர் டீச்சர்." "அப்படின்னா?" "அஞ்சு கிலோமீட்டர்." இருபத்திரண்டு குரல். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உங்களுக்கு மட்டும் எப்படி மறந்தது?

ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வருகிற பெண். அப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் கூலி. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நம் பள்ளியில் இடம் சுலபமில்லை. தலைமையாசிரியை இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். ஒரு புகார் வந்தாலும் அனுப்பிவிடுவேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லித்தான் சேர்த்தார். அவள் குடும்பத்தில் எட்டாவது வரை வந்த முதல் பெண் அவள். இதெல்லாம் நமக்குத் தெரியும். கேலி செய்வதற்காகத் தெரிந்துவைத்திருந்தோம்.

"டீச்சர், அது அவ்ளோ கிட்ட இல்லீங்க. அந்த ஏரிக்கரையிலதாங்க எங்க மாமா வூடு. குட்டையே பாதி வழிதாங்க. அதுக்கப்புறமும் போய்க்கினே இருக்கணுங்க."

"எத்தனை கிலோமீட்டர்?"

"அதெல்லாம் தெரியாதுங்க. ரெண்டு எடத்துல ஒக்காந்துதாங்க போவோம்."

"ஒக்காந்து போறதுக்கு எத்தனை சென்டிமீட்டர்டி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யார் என்று எழுதப்போவதில்லை. இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

டீச்சரும் சிரித்தார். "நீ காலால அளக்கறே. நாங்க நூலால அளக்கறோம். நூலுக்குக் கால் வலிக்காது, உக்காரவும் உக்காராது."

"மாமா வூட்டுக்குப் போறதுக்கு அடிபோடறா டீச்சர்" என்று இன்னொருத்தி அவளைப் போலவே பேசிக்காட்டினாள். வகுப்பு புரண்டு புரண்டு சிரித்தது. அந்த இன்னொருத்தி நான்.

அஞ்சு கிலோமீட்டர்தானே என்று டீச்சர் என் தங்கையையும் அழைத்துவரச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு. பத்து வயது. அம்மா அப்பாவைக் கேட்டாள். அப்பா செய்தித்தாளை இறக்காமல், "சின்னது எதுக்கு?" என்றார். "ஏன், டீச்சர்தான் கூப்பிடறாங்களே" என்றாள் அம்மா. அப்பா பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டுமென்றால் ஆபீசர் வீட்டம்மா தப்பு என்று வாயால் சொல்ல வேண்டும். சொந்த வீட்டுக்குள், சொந்த மனைவியிடம் கூட அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஏழு மணிச் சங்குக்குக் கிளம்பினோம். பங்குனி மாதம். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் தயிர்சாதம். கடைசி பிளாக் வரைக்கும் ரோடு, நிழல். அதற்கப்புறம் செம்மண். குட்டையை அடைந்தபோது எட்டரை ஆகியிருந்தது. டீச்சர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டரை கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரமா? பஸ்ஸிலயே போய்ப் பழகின பிள்ளைங்க" என்று நம்மைத் திட்டினார். நாம் வெட்கப்பட்டு வேகமாக நடந்தோம். கால் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் காலைத்தான் சந்தேகப்பட்டோம், துணியை அல்ல. அந்தக் கிராமத்துப் பெண் மட்டும் குட்டைத் தண்ணீரில் தன் தாவணியை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அதற்கும் சிரித்தோம்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரைக்கு மேல். பாட்டில்கள் குட்டைக்குப் பிறகே காலி. ஏரியில் சேறும் எருமைகளும்தான். தாகத்துக்கு முந்திரிப்பழத்தைக் கடித்து உறிஞ்சினோம். தொண்டை கரகரத்து, உதடு வெந்து, தாகம் அதிகமானது. டீச்சர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் "சீக்கிரம் திரும்பிடலாம், கிட்டத்தானே" என்றார். அந்த வெயிலில் திரும்பி நடந்தோம். கொஞ்ச தூரத்தில் தங்கை என் கையை விட்டுவிட்டு, "அக்கா, மழை பெய்யுது பாரு" என்றாள். அவள் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தொட்டேன், தோசைக்கல் போலச் சுட்டது. பிறகு முட்டி மடங்கி விழுந்தாள்.

டீச்சர் அழுதார். நாம் சுற்றி நின்று அழுதோம். அந்தப் பெண் யாரையும் கேட்கவில்லை. தங்கையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, வந்த வழியே ஏரிக்கரைக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். அவள் மாமா வீட்டு வேப்பமரத்தடியில் கிடத்தி, மாட்டுத்தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். "கண்ண மூடாத பாப்பா, என்னப் பாரு, என்னப் பாத்துக்கினே இரு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மாமா வண்டி பூட்டி ரோட்டுக்குக் கொண்டுபோய், ஒரு லாரியை மறித்து ஏற்றினார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மற்றப் பெற்றோர்கள் சும்மா இல்லை. எல்லோர் காலிலும் கொப்புளம். தலைமையாசிரியை விசாரிக்கப்போவதாகச் செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு ஹார்லிக்ஸ் புட்டி, நாலு ஆப்பிள், சுருட்டிய துணி. முதல் தடவையாக எங்கள் பாதி வீட்டுக்குள் வருகிறார். அப்பா நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

"குழந்தைக்கு எப்படி இருக்குங்க?"

"இப்ப பரவால்லீங்கம்மா. உங்க புண்ணியத்துல."

உங்க புண்ணியத்துல. அப்பா அதை மனதாரத்தான் சொன்னார்.

"அவர் கூட உங்களைப் பத்திக் கேட்டார். ஃபைல் அவர் டேபிள்லதான் இருக்காம்" என்றார் டீச்சர். போகும்போது அந்தத் துணியை மேஜையில் வைத்தார். "இதுல அளவு ஏதோ சரியா விழலையோன்னு தோணுது. நீங்க இதுலயே இருக்கறவர். ஒரு பார்வை பாத்துக் குடுங்க."

யாரும் அப்பாவை மிரட்டவில்லை. இதைச் செய் என்று கூடச் சொல்லவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேடை உடைத்து முனை எடுத்தார். ஆஸ்பத்திரியில் மகளின் கையில் ஊசி குத்தியிருக்கிறது, அம்மா அங்கே தரையில் படுத்திருக்கிறாள். இவர் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு 250 என்பதைச் சுரண்டினார். நகத்தால் தேய்த்தார். என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, என் ஐந்து எப்படி வளையுமோ அப்படியே வளைத்து, 500 என்று எழுதினார். இப்போது படம் சரியாகிவிட்டது. ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூறு. அந்தக் கணக்கில் ஏரி பத்து கிலோமீட்டர், குட்டைதான் ஐந்து.

டீச்சருக்கு அது போதும். துணியோடு தலைமையாசிரியையிடம் போனார். "நான் அஞ்சு கிலோமீட்டர்னு சொன்னது குட்டையை. மேப்பைப் பாருங்க. அந்தப் பொண்ணுதான் மாமா வீட்டுக்குப் போகணும்னு பிள்ளைங்களை ஏரி வரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டா, நானும் பின்னாலயே போக வேண்டியதாச்சு. வகுப்பிலேயே அதைச் சொல்லிக் கேலி பண்ணினாங்களே, கேட்டுப் பாருங்க." கேட்டார்கள். வகுப்புக்கு வந்து, மாமா வீடு என்று அவள் சொன்னாளா என்று கேட்டார்கள். சொன்னாள் என்றீர்கள். பொய் இல்லை. எத்தனை கிலோமீட்டர் என்று நீங்களே பெருக்கிச் சொன்னதை யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. விடை தெரிந்தால் கை தூக்கிக் குதிக்கிற வகுப்பு அது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை அறை. மேஜையில் துணி. டீச்சர் ஜன்னல் பக்கம். சுவரோரம் அந்தப் பெண். அவள் பக்கத்தில் அவள் அப்பா, ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருந்தார், துண்டு கக்கத்தில். செருப்பை வெளியே விட்டிருந்தார்.

"இதை வரைஞ்சது நீதானே?"

"ஆமாங்க மேடம்."

"இந்த அளவு, ஐந்நூறு, நீ போட்டதுதானா? முதல்லயே இப்படித்தான் இருந்துச்சா?"

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. சந்தேகம் அவருக்கு இருந்தது. அதனால்தான் கேட்டார். என் வாயிலிருந்து 'இல்லை' என்று ஒரு சொல் வந்திருந்தால் அவர் விட்டிருக்கமாட்டார் என்று இன்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. நான் டீச்சரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தேன். அப்பா நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஒரு கணம் எனக்கே அது என் கை என்றுதான் பட்டது.

"ஐந்நூறுதான் போட்டேன் மேடம்."

தலைமையாசிரியை பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் அப்பா எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்றார். யார் செய்த தப்பு என்று அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. மகள் அவரைத் திருத்தவில்லை. டி.சி.யை வாங்கி, நாலாக மடித்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

அடுத்த வருஷம் அப்பா பெர்மனன்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் எங்கள் பெயரில் வந்தது, முழு வீடு. தங்கை பிழைத்தாள், படித்தாள், இப்போது பேரன் எடுத்திருக்கிறாள். மழை பெய்ததாக ஞாபகம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று அறையை விட்டு வெளியே வந்தபோது அந்தப் பெண் வராந்தாவில் அப்பாவுக்காக நின்றிருந்தாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் எனக்குக் கொஞ்சம் தீர்ந்திருக்கும்.

"பாப்பா எழுந்து ஒக்காருதா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"வெயில்ல வுடாதீங்க ஒரு மாசத்துக்கு. எங்க ஊர்ல ஒரு புள்ளைக்கு மறுபடியும் வந்துச்சு."

"நேரமாவுது, வா" என்றார் அவள் அப்பா. இருவரும் கேட்டைத் தாண்டி, நிழல் இருந்த பக்கமாக ஒதுங்கி நடந்து போனார்கள். நான் வகுப்புக்குத் திரும்பினேன். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தீர்கள்.